பியானோ வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வாழ்வது: ஒரு முழுமையான வழிகாட்டி

பியானோ தேர்வுகளின் கடைசிப் படியான கிரேடு 8 முடித்தாயிற்று, டிப்ளோமாவும் கையில் இருக்கிறது, இனி இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்பதுதான். சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் சென்னையில் 16 வருடமாக மேடையில் வாசித்தும் வீட்டில் வகுப்பு எடுத்தும் வருகிற எனக்கு, இந்தத் தொழிலின் முடிச்சு அங்கேதான் விழுகிறது என்று தெரியும். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவது மாலை 4 மணிக்கு மேல், அப்புறம் சனி, ஞாயிறு. கல்யாண வரவேற்பு, ஹோட்டல், கச்சேரி எல்லாம் அதே மாலை, அதே சனி ஞாயிறுதான். இந்த இரண்டும் இடித்துக்கொள்ளும்போது நடுவில் நசுங்குவது உங்கள் சொந்தப் பயிற்சி. அது போய்விட்டால் இரண்டு வருடத்தில் வாசிப்பு மங்கிவிடும், வாசிப்பு மங்கினால் சொல்லிக்கொடுப்பதும் வெறும் ஒப்பிப்பாகிவிடும். ஆகவே கீழே உள்ள படிகளில் முதலாவதே அந்த நேரத்தைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

படி 1: முதலில் காலையைப் பூட்டுங்கள்

இரண்டு மணி நேரம் போதும், ஆனால் அந்த இரண்டு மணிக்குள் யாரும் வரக்கூடாது. நான் 7 முதல் 9 வரை வைத்திருக்கிறேன். முதல் 20 நிமிடம் ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசையும், சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கும் ஆர்பெஜியோவும், தினம் ஒரு மேஜர், அதன் மைனர் மட்டும். அடுத்த ஒரு மணி நேரம் புதிதாகப் படிக்கும் ஒரே உருப்படிக்கு. அதையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டாமல், கை தடுக்குகிற நான்கு பார்களை (தாளக் கட்டங்களை) மட்டும் எடுத்து, வலது கை தனியாக, இடது கை தனியாக, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை வாசிக்க வேண்டிய வேகத்தில் பாதிக்கு இறக்கி வைத்து. மிச்ச நேரம் முழுக்க முன்பின் பார்க்காத நோட்டேஷனைப் பார்த்த உடனே வாசித்துப் பழகுவதற்கு. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பின்னால் வேலை கொண்டுவருவதே இதுதான்.

மாணவர்களின் பாடத்தை வாசித்துப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. அதை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு வகுப்பு வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள், நல்ல கட்டணமும் தருவார்கள். 11 மணி கொடுங்கள். ஒரு நாள் விட்டுக்கொடுத்தேன் என்று ஆரம்பித்து ஒரு வருடம் முழுக்கக் காலையை இழந்தவன் நான்.

படி 2: கருவி

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் தொடக்கத்துக்கு டிஜிட்டல் பியானோ தப்பே இல்லை. 88 கட்டை இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டையிலும் சுத்தியல் கனம் இருக்க வேண்டும், பெடலைப் பாதி மிதித்தால் பாதி ஒலி நிற்கிற வசதியும் இருக்க வேண்டும். 61 கட்டை கீபோர்டில் பழகிய விரல் பியானோவில் உட்கார்ந்ததும் திணறும், ஏனென்றால் அங்கே சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது கட்டை எவ்வளவு வேகத்தில் கீழே போகிறது என்பதுதான்.

அசல் பியானோ வாங்கினால், கடலோர ஊரில் அது ஒரு குழந்தை மாதிரி. உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பிகள், அவை எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 15 டன்னுக்கு மேல். அதைத் தாங்குவது இரும்புச் சட்டம், ஆனால் ஒலியைப் பெருக்குவது பின்னால் இருக்கும் மரப்பலகை. மழைக்காலத்தில் அந்தப் பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பியின் இழுப்பு கூடும், சுருதி ஏறும். ஏசி ஓடி அறை காய்ந்தால் இறங்கும். அதனால் ராத்திரி முழுக்க ஏசி, பகல் முழுக்க ஜன்னல் திறப்பு என்று மாறி மாறிப் படுத்துவதைவிட, ஏசியே இல்லாமல் ஒரே சீராக இருக்கும் அறை எவ்வளவோ மேல். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் பியானோவின் அடிப்பெட்டிக்குள் சின்ன குண்டு பல்பு ஒன்று எரிய விடுவார்கள், ஈரத்தை விரட்ட. இப்போது அதற்கென்றே சூடேற்றும் கம்பி கிடைக்கிறது. அந்துப்பூச்சியின் புழு சுத்தியலின் கம்பளித் துணியைத் தின்னும், கரையான் மரத்தைத் தின்னும், இரண்டையும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

ட்யூனிங் வருடத்துக்கு இரண்டு முறை: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை, கோடை முடிகிறபோது ஒருமுறை. பல வருடம் தொடாமல் கிடந்த பியானோவை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஒரே தடவையில் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்குக் கொண்டுவர முடியாது. முதலில் தோராயமாக ஏற்றி, சில வாரம் கம்பி அடங்க விட்டு, அப்புறம் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

படி 3: 20 மாணவர்கள், ஐந்து மாலை

கணக்கு இதுதான். ஒரு வகுப்பு 45 நிமிடம். நடுவில் ஐந்தைந்து நிமிடம் விட்டு, மாலை 4.30 முதல் 7.45 வரை நான்கு வகுப்பு எடுக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்தால் 20 பேர், வாரத்துக்கு வகுப்பு மட்டும் 15 மணி நேரம். சனி, ஞாயிறு வாசிக்கப் போவதற்குக் காலி. இந்த ஏற்பாட்டுக்கு வர எனக்கு ஏழு வருடம் பிடித்தது, நீங்கள் முதல் நாளிலிருந்தே இதை வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மட்டும்தான் முடியும் என்கிற பெற்றோர் நிறைய வருவார்கள், அவர்களுக்கு நல்ல வேறு ஆசிரியரைக் கை காட்டுங்கள். அப்படிக் கை காட்டுவது வீண் போவதில்லை. அந்த ஆசிரியர் தன்னால் போக முடியாத நிகழ்ச்சிக்கு ஒருநாள் உங்கள் பெயரைச் சொல்வார்.

கட்டணத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள், மாதத்துக்கு இவ்வளவு என்று முன்பணமாக வாங்குங்கள். வகுப்புக் கணக்கு வைத்தால் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும், சொந்தக்காரர் வந்தாலும், மழை பெய்தாலும் உங்கள் வாடகைப் பணம் குறையும். மாதத்துக்கு நான்கு வகுப்பு, ஐந்தாவது வாரம் வந்தால் அது விட்டுப்போன வகுப்பை ஈடுகட்ட. முந்தின நாளே சொல்லாமல் வராவிட்டால் அந்த வகுப்பு போனது போனதுதான். நீங்கள் நிகழ்ச்சிக்காக ரத்து செய்தால் கட்டாயம் ஈடு செய்ய வேண்டும். இந்த நாலு வரியையும் எழுதி, சேரும் அன்றே பெற்றோர் கையில் கொடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் மூன்றாவது மாதம் மனத்தாங்கல் வரும்.

வயது? ஆறு, ஏழு சரியான வயது. அதற்குக் கீழே வருகிறவர்களைச் சேர்க்கலாம், ஆனால் பெற்றோரில் ஒருவர் வகுப்பில் கூட உட்கார வேண்டும். வீட்டில் வாசிக்க ஒரு கருவி இல்லாத பிள்ளையை மட்டும் சேர்க்காதீர்கள், வாரத்தில் 45 நிமிடம் தொட்டு எதுவும் வராது, பிள்ளை தனக்குத்தான் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அது பெரிய அநியாயம்.

படி 4: வகுப்புக்குள்

5 நிமிடம் கை தளர்த்தல், 10 நிமிடம் ஸ்கேல், 20 நிமிடம் உருப்படி, 5 நிமிடம் புதிதாக ஒன்றைப் பார்த்து வாசிப்பது, கடைசி 5 நிமிடம் வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதுவது. இந்தக் கடைசி ஐந்தை நேரமாகிவிட்டது என்று விழுங்கிவிடாதீர்கள். 'மூன்றாவது வரியைப் பழகு' என்று எழுதினால் போதாது. 'மூன்றாவது வரி, இடது கை மட்டும், தினம் ஐந்து முறை' என்று எழுதினால்தான் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியும்.

முதல் வகுப்பில் நான் நோட்டேஷனைத் திறப்பதே இல்லை. நாற்காலி உயரம்தான் முதல் பாடம்: முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும், இருக்கையின் முன்பாதியில் உட்கார வேண்டும், கால் எட்டாவிட்டால் ஒரு மணை போட வேண்டும். கால் தொங்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் விரல் இறுகும். அப்புறம் கருப்புக் கட்டைகளில் கை வைக்கச் சொல்வேன். பாரிஸில் பெரும்பாலும் வகுப்பு எடுத்தே பிழைத்த இசையமைப்பாளர் ஷோபான், முதலில் சி மேஜரைச் சொல்லிக்கொடுக்க மாட்டார். ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்று ஐந்து விரலை வைக்கச் சொல்வார், நீளமான நடுவிரல்கள் மூன்றும் உயரமான கருப்புக் கட்டையில் இயல்பாகவே உட்கார்ந்துகொள்ளும் என்பதால். செய்து பாருங்கள், 'விரலை வளை, விரலை வளை' என்று நூறு தடவை சொல்வது மிச்சம். பொதுமேடையில் அவர் வாசித்தது வாழ்நாள் முழுக்க முப்பது தடவை போல்தான். சொல்லிக்கொடுப்பதை இரண்டாந்தர வேலை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே கர்நாடக வாய்ப்பாட்டு படித்தவர்கள். அவர்களுக்கு ஒரு குழப்பம் கட்டாயம் வரும்: சி என்றால் ச என்று நினைப்பார்கள். ச நகரும், சி நகராது என்பதைச் சொல்லி விளக்குவதைவிட வாசித்துக் காட்டுவது சுலபம். அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும் மாயாமாளவகௌளையை சி-யிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்: சி, டி ஃப்ளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. அதே சரிகமபதநியை ஜி-யிலிருந்து தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் சங்கராபரணம்தான் மேஜர் ஸ்கேல் என்று சொன்னால் பன்னிரண்டு மேஜரும் அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. கமகத்தை மட்டும் பியானோவில் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அடித்த கட்டையின் சுருதியை அதற்குப் பிறகு அசைக்க முடியாது.

மாணவர் வாசிக்கும்போது நீங்களும் இடையிடையே வாசித்துக் காட்ட வேண்டும், காலைப் பயிற்சியின் பலன் இங்கேதான் தெரியும். நேற்று உங்களுக்கே தடுக்கிய ஒரு இடத்தை எப்படிச் சரி செய்தீர்கள் என்று சொல்கிறபோது பிள்ளை கேட்கிற மாதிரி வேறு எதையும் கேட்பதில்லை. ஒரு வகுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர்தான் இளையராஜா. இந்த நகரத்தின் சினிமா இசையில் அந்தச் சின்ன வகுப்பறையின் தடம் இன்னும் இருக்கிறது.

படி 5: கிரேடு தேர்வுகள்

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகள் நடத்தும் இசைத் தேர்வுகளையும் சென்னையில் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடையைத் தெரியாத பியானோ வீடு இங்கே இருக்காது, புத்தகத்துக்கும் தேர்வு விவரத்துக்கும் பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான்.

ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண்: உருப்படி மூன்றுக்கும் தலா 30, ஸ்கேலுக்கு 21, பார்த்து வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுச் சொல்வதற்கு 18. தேர்ச்சி 100, மெரிட் 120, டிஸ்டிங்க்ஷன் 130. இதைப் பெற்றோரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஏனென்றால் வருடம் முழுக்க மூன்று உருப்படியை மட்டும் தேய்த்துத் தேய்த்து மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் 90தான், தேர்ச்சிக்கு இன்னும் 10 வேண்டும். டிரினிட்டியில் 100க்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்க்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் கிரேடு 6 முதல் எழுத கிரேடு 5 தியரி முதலிலேயே முடித்திருக்க வேண்டும். தியரியைக் கிரேடு 3 படிக்கும்போதே தொடங்காவிட்டால் அங்கே போய் ஒரு வருடம் நின்றுவிடும்.

என் கருத்து ஒன்று: எல்லாக் கிரேடையும் எழுத வேண்டாம். 1, 3, 5, அப்புறம் 8 போதும். நடுவில் கிடைக்கிற வருடத்தில் பிள்ளை இருபது சின்ன உருப்படி வாசிக்கட்டும். வருடத்துக்கு மூன்று உருப்படி மட்டும் வாசித்து எட்டு வருடம் ஓட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் இருக்கிறது, பியானோ மூடிக் கிடக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இதே மாதிரி இன்னொரு பள்ளம். ஜூன் மாதமே நிறுத்திவிடுவார்கள். முழுசாக நிறுத்த வேண்டாம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை 30 நிமிடம் வரட்டும், தேர்வு இல்லை, வீட்டுப் பாடமும் இல்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். பாதிப் பேர் விட்டுப்போகாமல் தொடர்வார்கள்.

படி 6: வாசிக்கும் வேலைகள்

தனிக் கச்சேரி வருடத்தில் ஒன்றிரண்டு அமையும். மாத வருமானம் வருவது வேறு இடங்களிலிருந்து.

பக்கவாசிப்புதான் முதல் வேலை. கோயர் (சேர்ந்து பாடும் குழு), வயலின் மாணவர்களின் தேர்வு, பாடகர்கள் என்று நவம்பர், டிசம்பரில் கை ஓயாது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் தொடங்கிய கோயர், தேவாலயங்களில் இன்னும் எத்தனையோ கோயர்கள். ஒத்திகைக்கு முன்தினம் நோட்டேஷன் வரும், சில சமயம் அங்கே போன பிறகுதான் வரும். எல்லா ஸ்வரத்தையும் பிடிக்கப் பார்க்காதீர்கள்: இடது கையின் அடிஸ்வரம், தாளம், பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடம், இந்த மூன்றும் விழுந்தால் நடுவில் நாலு ஸ்வரம் விட்டுப்போனது யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால்தான் எல்லாருக்கும் தெரியும்.

மெல்லிசைப் பாடகர்களோடு வாசிக்கப் போனால் 'அஞ்சரைக் கட்டையில எடுங்க' என்பார்கள். இங்கே கட்டை என்றால் பாடுகிறவரின் ஆதார சுருதி: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, அரை சேர்ந்தால் பக்கத்துக் கருப்பு. ஆக ஐந்தரை ஜி ஷார்ப். கீபோர்டில் சுருதி மாற்ற பொத்தான் உண்டு, கிராண்ட் பியானோவில் கிடையாது. ஆகவே தினம் ஒரு பாட்டை மூன்று சுருதியில் மாற்றி வாசித்துப் பழகுங்கள்.

ஹோட்டல் வாசிப்பில் கேட்பவர் சாப்பிடவும் பேசவும் வந்தவர், உங்களைக் கேட்க வந்தவர் அல்ல. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மெதுவாக, அழகாக, மூன்று மணி நேரம் சீராக வாசிப்பதும் ஒரு கலைதான். 60 மெட்டாவது தாளைப் பார்க்காமல் வர வேண்டும், 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். ரெக்கார்டிங் என்றால் காதில் தாளம் காட்டும் 'கிளிக்' ஒலி ஓடும், அதற்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி முந்தினாலும் தெரிந்துவிடும். காலையில் மெட்ரோனோமோடு பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கல்யாண வரவேற்புக்குப் போகும்போது உங்கள் சொந்த சஸ்டெயின் பெடலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை மண்டபத்தில் கொடுத்த கீபோர்டில் பெடல் தலைகீழாக வேலை செய்தது, மிதித்தால் ஒலி நிற்கிறது, விட்டால் நீள்கிறது. முதல் பாட்டு முழுக்க வியர்த்துப் போய் வாசித்தேன். காரணம் அப்புறம்தான் தெரிந்தது: நிறைய கீபோர்டுகள் ஆன் செய்கிற நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். என் கால் அப்போது பெடல் மேல் இருந்தது. பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள். கூடவே ஒரு சின்ன விளக்கு, நோட்டேஷன் பறக்காமலிருக்கத் துணி கிளிப், இரண்டு காகிதப் பிரதி. டேப்லெட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தனிக் கச்சேரிக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். ட்யூனிங்கை அன்று காலையே, மேடையில் ஏசியும் விளக்கும் ஓட விட்டு நடத்தச் சொல்லுங்கள். மனப்பாடமாக வாசிக்கிற உருப்படியில் ஐந்தாறு இடங்களைக் குறித்து, தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தந்த இடத்திலிருந்து தொடங்கும்படி பழகுங்கள். மறந்துபோனால் அடுத்த இடத்துக்குத் தாவிவிடலாம், தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை.

படி 7: கை

வலித்தால் நிறுத்துங்கள். அன்றே. வலியோடு வாசித்தால் பழகிவிடும் என்று சொல்லிக்கொடுத்த தலைமுறை ஒன்று இருந்தது, அது தப்பு. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில், வாழ்க்கையின் உச்சத்தில், வலது கை விரல்கள் தாமாகச் சுருண்டுபோயின. அப்புறம் பல பத்தாண்டுகள் இடது கைக்கென்றே எழுதப்பட்ட உருப்படிகளை வாசித்தார், இசைக்குழுவை நடத்தினார், பால்டிமோரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார், வயதான பிறகு சிகிச்சையால் மறுபடி இரண்டு கையாலும் வாசித்தார். எல்லாருக்கும் அப்படித் திரும்பக் கிடைக்காது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை கையை எடுங்கள். மாலை வகுப்புகளுக்கு நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள், நாலு வகுப்பை ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். விரலில் மரத்துப்போதல், பிடிமானம் குறைதல் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 8: பணம்

நிகழ்ச்சிக்குப் பாதிப் பணம் முன்பணம், தேதி, நேரம், கருவி யார் தருவது, போக்குவரத்து, ரத்தானால் என்ன என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ஒரு நிறுவனம் என்னிடம் வாய்வார்த்தையாகப் பேசி, நிகழ்ச்சி முடிந்து எட்டு மாதம் அலைய விட்டது. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமானவரி) பிடிப்பது வழக்கம், அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். வகுப்பும் வாசிப்பும் சேர்ந்து வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மே மாதம் பாதி மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், மார்ச்சில் பள்ளித் தேர்வு. டிசம்பர் வரவை டிசம்பரிலேயே செலவழித்துவிடாமல் இந்த இரண்டு மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

படி 9: வருடத்துக்கு ஒருமுறை மாணவர் நிகழ்ச்சி

பள்ளித் தேர்வும் கிறிஸ்துமஸும் இடிக்காத ஒரு மாதத்தில் வையுங்கள். 20 பிள்ளை, ஆளுக்கு மூன்று நிமிடம், ஏறி இறங்கும் நேரத்தோடு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மிகச் சின்னப் பிள்ளை முதலில், காத்திருந்தால் பயம் கூடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்காலி உயரத்தை மாற்ற ஒரு பெரிய மாணவரை மேடையோரம் நிறுத்துங்கள், மணையும் வைத்திருங்கள். தப்பு வந்தால் நிற்காமல் போக வேண்டும் என்பதை இரண்டு மாதம் முன்பிருந்தே பழக்குங்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முன்னால் மூன்று முறையாவது வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் நீங்கள் வாசிக்க வேண்டும். எளிதாக வருவது வேண்டாம், இந்த வருடம் காலை 7 மணிக்கு உட்கார்ந்து படித்த புது உருப்படியை வாசியுங்கள். போன வருடம் அப்படி வாசித்தபோது நடுவில் ஓரிடத்தில் எனக்குத் தடுமாறியது, குறித்து வைத்திருந்த அடுத்த இடத்துக்குத் தாவி முடித்தேன். இறங்கி வந்ததும் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கிட்டே வந்து, 'சார், நீங்க அந்த மூணாவது இடத்துக்குத்தானே குதிச்சீங்க?' என்று கேட்டாள். வகுப்பில் என் தாளில் இருந்த பென்சில் குறிகளைப் பார்த்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் அவள் நோட்டைத் திறந்தபோது அவள் உருப்படியிலும் ஐந்து இடங்களில் பென்சிலில் வட்டம் போட்டிருந்தது.